இருமல் பிரிவு

பாதி மழித்த முகத்தில் சோப்பு நுரையோடு குழாய்க்காரர் குழாயைத் திருகினார். 'உஸ்' என்று காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த கை அது. இப்போது கண்ணில் இறங்கிய சோப்பைத் துடைக்கத் துண்டு தேடிக்கொண்டிருந்தது.

"என்னடி, தண்ணி நின்னுபோச்சு?"

"என்னைக் கேட்டா? குழாய் வேலை பாக்குறது நீங்களா, நானா?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

விஷயம் சின்னதுதான். மொட்டை மாடியில் இருக்கும் அவருடைய தொட்டியில் வால்வு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஏறிப்போய் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். புது வால்வு மாட்டலாம். ஊரார் வீட்டு வால்வை மாற்ற அவருக்கு நேரம் இருந்தது. தன் வீட்டு வால்வுக்கு இல்லை. எல்லாத் தொழில்காரர்களும் அப்படித்தான்.

நுரையோடு வெளியே வந்தார். படிக்கட்டின் அடியில் புதிதாக ஓர் இரும்புக் கதவு நின்றது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

"அண்ணே!"

மாடியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் கரண்டு வேலை செய்பவர். மேல்வீடு அவருடையது.

"என்னண்ணே இது?"

"இரும்புக் கதவு."

"அது தெரியுது. எதுக்கு?"

"திருட்டுப் பயம்டா. கண்டவன் ஏறுறான்."

"நான் கண்டவனா?"

"நீயே சொல்லிக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்? முதல்ல மூஞ்சியக் கழுவு."

"தண்ணி இருந்தா கழுவ மாட்டேனா!"

கீழ்வீடு சின்னவனுக்கு, மேல்வீடு பெரியவனுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போன அப்பா, இரண்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருப்பதை மறந்துவிட்டார். வேண்டுமென்றே மறந்தாரோ என்னவோ. செத்தவரைக் கேட்க முடியாது. படிக்கட்டு நிற்பது என் மண்ணில் என்று தம்பி சொன்னார். போய்ச் சேர்வது என் வீட்டுக்கு என்று அண்ணன் சொன்னார். இரண்டு பேச்சும் சரி. சரியான பேச்சு இரண்டு ஒரே இடத்தில் இருந்தால் அங்கே சண்டை வராமல் இருக்காது.

குழாய்க்காரர் யோசிக்கவில்லை. மண்ணுக்கடியில் மேல்வீட்டுக்குப் போகும் குழாயைத் தேடிப்பிடித்து மூடினார். அண்ணனும் யோசிக்கவில்லை. இரும்புக் கதவுக்கு அந்தப்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின்பெட்டியில் கீழ்வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். மேலே வறட்சி, கீழே இருட்டு.

"நல்லாப் பொறந்தீங்க ரெண்டு பேரும்," என்று மனைவி தெருமுனைக் குழாய்க்குக் குடத்தோடு போனாள். அங்கே ஏற்கெனவே அண்ணன் மனைவி குடத்தோடு நின்றாள்.

பாதி மழித்த முகத்தோடு எங்கும் போக முடியாது. குழாய்க்காரர் முடிவெட்டும் கடைக்குப் போய் உட்கார்ந்தார். மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் பெண் சொன்னாள்: "தனியுரிமைச் சட்டம் குறித்துப் பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று சட்டமன்றக் குழு அறிவித்துள்ளது."

குழாய்க்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். கத்தி கன்னத்தில் லேசாகக் கீறியது.

"ஆடாதீங்கண்ணே!"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? தனி உரிமையா?"

"அதான் கொஞ்ச நாளா இதே பேச்சா இருக்கே."

"அப்படின்னா என்னய்யா?"

முடிவெட்டுபவர் கத்தியைத் துடைத்தபடி விளக்கினார். "உங்க இடம் உங்களோடது. உங்களைக் கேக்காம எவனும் உள்ள வரக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது, எடுத்துட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. வினையே அங்கேதான். குழாய்க்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. தன் வீட்டுப் படிக்கட்டுக்காக நாடே உட்கார்ந்து யோசிக்கிறது! இத்தனை நாள் அரசாங்கத்தைத் திட்டிய வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சோப்பு ஒட்டியது.

தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய், சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு சுவர்களைப் பார்த்தார். இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு குழாய்கூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. எங்கேயும் ஒரு கசிவு இல்லை, ஈரக்கறை இல்லை. "கட்டினவன் மனுஷனே இல்ல," என்று வாசல் காவலரிடம் சொன்னார். காவலர் அவருடைய பையைச் சோதித்து, உள்ளேயிருந்த குறடை வாங்கி வைத்துக்கொண்டார்.

உள்ளே வளைவான மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர். வெள்ளை முடி, கனத்த முகம். சட்டம் அவர் கொண்டுவந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். தலைவர் கண்களை மூடியிருந்தார். யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியவில்லை. பெரிய மனிதர்கள் விஷயத்தில் அது தெரியவும் தெரியாது.

ஒரு பெண் நிபுணர் எழுந்து சுவர் அளவுத் திரையைக் காட்டினாள். மேகத்துக்கு மேலிருந்து ஒரு கண் இறங்குவதுபோல் பூமி கிட்டே வந்தது. கடல், ஊர், தெரு, ஒரு கூரை. அந்தக் கூரைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பித் தெருவெல்லாம் சுற்றித் திரும்பி வந்தது.

"இவர் எங்கே போனார், எவ்வளவு நேரம் நின்றார், யார் வீட்டுக்குப் போனார் என்பதையெல்லாம் இவருடைய கைபேசி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. இவருக்கு அது தெரியாது," என்றாள் அவள்.

குழாய்க்காரர் வாயைப் பிளந்தார். மனிதன் நடந்துபோன காற்றில் கூடக் கோடு இருக்கிறது! காலால் மிதித்ததை வானம் எழுதிவைக்கிறது! சின்ன வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது இப்படி மூச்சு நின்றது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். அப்படியென்றால் அண்ணன் படியில் ஏறி இறங்கியதெல்லாம் அங்கே எங்கேயோ சிவப்பாகக் கிடக்கும்.

அவரைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றார். தன் மூச்சே இடி மாதிரிக் கேட்டது. இரண்டடி பின்னால் வந்தார்.

"பயப்படாதீங்க, சொல்லுங்க," என்றார் ஓர் உறுப்பினர்.

"என்னத்தச் சொல்றதுங்க? என்னைக் கேக்காம உள்ள வர்றான். போறப்ப வர்றப்ப எட்டிப் பாக்குறான். நான் என்ன வாங்குறேன், யாரு வந்தாங்க, என்ன பேசுறேன், எல்லாம் அவனுக்குத் தெரியும்."

மேசையில் பேனாக்கள் அசைந்தன.

"யார் ஐயா அவர்?"

"வெளியாள்னா விரட்டிடலாமே! கூடவே பொறந்தவன். கூடவே வளந்தவன். நாமதான் உள்ள விட்டோம்."

"அருமை," என்று நிபுணர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாள். "நண்பன் மாதிரி வீட்டுக்குள்ள வந்த தொழில்நுட்பத்தைச் சொல்றார்."

கைபேசிக் கம்பெனிகளின் வக்கீல் எழுந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி. குரலில் வெண்ணெய் தடவியிருந்தது.

"ஐயா, அவங்க உங்களுக்கு இலவசமா எவ்வளவோ செய்யறாங்களே, அதை மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க. வாசல்ல லைட்டுப் போடுறான். அவன் செலவுதான், காசு கேக்கல. அதுக்காக அந்த வெளிச்சத்துலயே என் அடுப்படிய எட்டிப் பாக்கலாமா?"

அரங்கில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க உங்க நல்லதுக்குத்தானே..."

"என்ன நல்லது? போன வாரம் எனக்கு இருமல். ராத்திரி ரெண்டு இருமு இருமினேன், அவ்வளவுதான். விடிஞ்சு பாத்தா வாசப்படியில இருமல் மருந்து! நான் கேட்டேனா? என் தொண்டைக்குள்ள என்ன இருக்குன்னு இவனுக்கு எப்படிய்யா தெரியும்?"

ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் எழுந்தே நின்றுவிட்டார். "உடல்நிலைத் தகவல்! அதை வெச்சு விற்பனை!" என்று நிபுணர் உரக்கவே சொன்னாள். குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். தன் இருமலுக்கு இத்தனை பேர் பதறுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணில் நீர் கோத்தது. நல்லவர்கள் இருக்கிறார்கள்தான் போல.

அப்போதுதான் தலைவர் கண்ணைத் திறந்தார்.

"படிக்கட்டு மாதிரி ஏதாவது இருக்கா?"

"அதேதாங்க! படிக்கட்டேதான்!"

"யார் மண்ணுல நிக்குது?"

"என் மண்ணுலங்க."

"பூட்டு?"

"அவன் போட்டது."

"சாவி?"

"அவன்கிட்ட."

தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அந்தக் கனத்த முகம் சிவந்திருந்தது. "மண்ணு நம்மளோடது, சாவி அவன்கிட்ட! கேட்டீங்களாய்யா? எழுதுங்க! எல்லாரும் எழுதுங்க!"

எல்லாரும் எழுதினார்கள். "படிக்கட்டுன்னு தலைவர் எவ்வளவு அழகா உருவகப்படுத்திட்டார்," என்று வக்கீலே வியந்தார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. 'கூடப்பிறந்தவனே உளவு பார்க்கிறான்: குழாய்க்காரர் குமுறல்.' அதைப் பெருமையோடு எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வருமுன், மேலேயிருந்து இன்னொரு பிரதி சுருண்டு வந்து காலடியில் விழுந்தது.

"நான் உளவாளியாடா? உனக்கு மருந்து வாங்கி வெச்சவன் உளவாளியா?"

"சட்டம் வருதுண்ணே! சட்டத்துக்கிட்டப் பேசிக்க!"

அண்ணன் இறங்கி வந்தார். வாசல் விளக்கைக் கழற்றினார். ஜன்னலில் கெட்டித் துணி கட்டினார். கதவில் இரண்டாவது பூட்டுப் போட்டார்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. குழாய்க்காரர் உள்ளே போய்ச் சும்மா குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். தலைநகரில் நின்று நாலு வார்த்தை பேசினேன். இங்கே சுவருக்குள் தண்ணீர் ஏறி இறங்கி வந்துவிட்டது. இன்னும் சட்டமாகக்கூட ஆகவில்லை, பேச்சுத்தான். அதற்கே இந்தப் பலம்! குழாயைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குப் பதில் இருக்கட்டும் என்று மேல்வீட்டுக் குழாயையும் திறந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாதுடி. சட்டத்தைப் பாத்து அண்ணன் நடுங்கிட்டான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

சட்டமும் வந்தது. டிவியில் நிபுணர்கள் காரசாரமாக அடித்துக்கொண்டார்கள். சிலர் இது மக்களுக்குக் காப்பு என்றார்கள். சிலர் தொழிலுக்குத் தூக்குக்கயிறு என்றார்கள். அதில் ஒரு பிரிவு மட்டும் ரொம்பப் பிரபலமாகிவிட்டது. 'ஒருவரின் உடல்நிலையை அவர் அறியாமல் அறிந்துகொண்டு, அதைக் காரணமாக வைத்து அவர் முன் ஒரு பொருளை நீட்டுவது குற்றம்.' நாடு முழுக்க அதற்கு 'இருமல் பிரிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பத்திரிகையில் அந்த வரியை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அச்சில் ஏறி, மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவனையும் கட்டிப்போடுகிறது. நினைத்தாலே தலை சுற்றியது. அந்தச் சந்தோஷத்தில் ஒருமுறை இருமினார். விடிந்ததும் வாசலைப் பார்த்தார். படியில் ஒன்றும் இல்லை. சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று தலையாட்டிக்கொண்டார். அன்று ராத்திரி கொஞ்சம் சத்தமாகவே இருமிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் வரவில்லை. அது ஏனோ அவ்வளவு பிடிக்கவில்லை.

இரும்புக் கதவு மட்டும் அசையாமல் நின்றது. அதையும் பிடுங்கிவிட்டால் வெற்றி முழுசு. பத்திரிகையை மடித்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனார்.

குமாஸ்தா பத்திரிகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். எழுந்து கை கொடுத்தார்.

"நீங்களா அது? உக்காருங்க ஐயா! என்ன வேணும்?"

"கதவைப் பிடுங்கணும். படிக்கட்டு எனக்குன்னு தனி உரிமை வந்துருச்சில்ல?"

குமாஸ்தா குனிந்து மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். சிரிப்பை அடக்கினாரா, பரிதாபப்பட்டாரா தெரியாது.

"ஐயா, சட்டம் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும். படிக்கட்டுக்கு இல்ல."

"தனி உரிமைன்னுதானே போட்டிருக்கு?"

"தனியுரிமை. சேத்துச் சொல்லணும். சேத்துச் சொன்னா, நம்ம விஷயம் நம்மளோட இருக்கணும்னு அர்த்தம். நீங்க நடுவுல ஒரு மூச்சு விட்டுச் சொல்றீங்க. அது சொத்து."

"ஒரு மூச்சு விட்டதுக்கா என் படிக்கட்டு போச்சு?"

"அப்படித்தான் ஆகுது."

"அன்னைக்கு அத்தனை பேரு எழுதினாங்களே!"

"அவங்க வேற எழுதியிருக்காங்க, ஐயா."

வீட்டுக்கு வந்து சேரும் வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாடே அவரைக் கொண்டாடுகிறது. எதற்கென்று அவருக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. உள்ளே போய் முகம் கழுவக் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. கை அப்படியே நின்றது.

"ஏய்... சட்டம் படிக்கட்டுக்கு இல்லையாம். அப்ப இந்தத் தண்ணி எப்படிடி வருது?"

"வால்வைத் தட்டுனா வருது," என்றாள் மனைவி.

"யாரு தட்டுனா?"

"நான்தான். நீங்க தலைநகருக்குப் பஸ் ஏறின அன்னைக்கே மேல்வீட்டு அக்கா ஜன்னல் வழியாச் சாவியக் குடுத்துட்டாங்க. ஃபியூஸையும் அவங்களே மாட்டிட்டாங்க. ரெண்டாவது பூட்டுப் போட்டதும் அந்தச் சாவியும் வந்துருச்சு."

"சாவி வேணும்னு நீ கேட்டியா?"

"தெருமுனையில ஒருத்தர் குடத்தை ஒருத்தர் தூக்கிவிட்டோம். அதுல கேக்க என்ன இருக்கு?"

"இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது எங்க ரெண்டு பேரு விஷயம். உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? நீங்க போட்ட சட்டந்தானே?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. நிஜமான இருமல். மேலே ஜன்னல் துணி லேசாக விலகி, உடனே மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"குழாய்க்காரர் நீங்கதானே? குழுத் தலைவர் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க."

குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். "விஷயம் தெரிஞ்சுபோச்சுடி. ஏமாத்திட்டேன்னு உள்ள தள்ளப்போறாங்க."

"நல்ல சட்டையாப் போட்டுக்கங்க," என்றாள் அவள்.

"பையையும் எடுத்துக்கங்க," என்றார் டிரைவர். "குறடு, ஸ்பானர் எல்லாம் வெச்சு."

கார் ஓடுவதே தெரியவில்லை. உள்ளே மழைக்காலம் மாதிரிக் குளிர். சட்டம் போடுகிறவன் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இருந்தது அதைவிடப் பெரிது. கோட்டைச்சுவர், காவலர்கள், இரண்டு மாடி, முன்பக்கம் பளிங்கில் இழைத்த அகலமான படிக்கட்டு. அதில் முகம் பார்க்கலாம். குழாய்க்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

"அந்தப்பக்கம் போகாதீங்க!" டிரைவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "இப்படி வாங்க, பின்னால."

பின்பக்கச் சுவரில் ஒரு மர ஏணி சாத்தியிருந்தது. அதன் நடுவில், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கையில் நிறைவாளியோடு சட்டத்தை இயற்றிய குழுத் தலைவர் ஏறிக்கொண்டிருந்தார். வாளி தளும்பிக் கீழே நின்ற குழாய்க்காரரின் நல்ல சட்டையில் தெறித்தது.

"வந்துட்டீங்களா! வாங்க வாங்க!" தலைவரின் குரலில் கூடப்பிறந்தவனைக் கண்ட சந்தோஷம். "அந்த ரூம்ல இருந்ததுலயே விஷயம் புரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்யா! பாத்து ஏறுங்க, நடுவுல ஒரு படி ஆடும்." சொல்லிவிட்டு வாளியோடு ஜன்னலுக்குள் மறைந்தார்.

குழாய்க்காரர் ஏணியைப் பார்த்தார். முன்பக்கம் திரும்பிப் பார்த்தார். பளிங்குப் படிக்கட்டின் அடியில் வெயிலில் ஏதோ பளபளத்தது. பூட்டு.

"ஏன் தம்பி, ஐயா எதுக்கு ஏணியில..."

"படிக்கட்டை ஐயாவோட கீழ்வீட்டுத் தம்பி பூட்டி, தண்ணியையும் நிறுத்திட்டாருங்க," என்றார் டிரைவர், ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே. "அதுக்குத்தான் ஐயா தனி உரிமைச் சட்டம் வேணும்னு வாயால சொன்னாரு, போனு, கம்ப்யூட்டர்னு வந்ததெல்லாம் அதை எழுதின வக்கீலுங்களோட காதுக் கோளாறுங்க."